நாற்பத்தொன்றாம் இதழும் நாய்ப்பெட்டியும்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் இரண்டு கார் தாராளமாக நிற்கலாம். ஆனால் இருபத்திரண்டு வருடம் அதற்குள் ஒரு கார்கூட நுழையவில்லை. உள்ளே டெல்மரின் காமிக்ஸ் பெட்டிகள் இருந்தன. வெயில் படாமல், ஈரம் ஏறாமல், குளிர் அண்டாமல் அவை சுகமாகக் குடித்தனம் நடத்தின. என் கார் வெளியே நின்றது. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், ஊர் எழுந்திருக்கும் முன்பே டிப்போவில் இருக்க வேண்டும். ஏரிக்காற்று அடிக்கிற எங்கள் வட ஒஹையோவில் நவம்பர் வந்துவிட்டால் கார் கண்ணாடியில் உறைந்த ஐஸைச் சுரண்டாமல் யாரும் எங்கேயும் போக முடியாது. விரல் விறைக்க நான் சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஷெட்டுக்குள் ஈரத்தை உறிஞ்சுகிற மெஷின் நிம்மதியாக உறுமுவது கேட்கும். அந்த நேரத்தில் என் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

டெல்மர் என் கணவன். ஏழாம் வகுப்பில் எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்து மூக்கை நோண்டியவன் என்பதால் அவர், இவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வருடம் காதலர் தினத்தன்று அவன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் மோதிரம் கொடுத்தான். இருட்டில் ஒளிரும் என்றான். இரண்டு நாள் ஒளிர்ந்தது. என் விரல்தான் அதற்கப்புறமும் ஒரு வாரம் பச்சையாக இருந்தது. காலைச் சாப்பாட்டுத் தானிய டப்பாவுக்குள் இலவசமாக வந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறான் என்று என் அக்கா சொன்னாள். கல்யாணமான பிறகு சண்டை வரும்போதெல்லாம் அந்த டப்பா மோதிரத்தை நான் சொல்லிக் காட்டுவேன். அவன் பதில் பேச மாட்டான்.

ஷெட்டைக் காலி பண்ணு என்று நான் கேட்காத குளிர்காலம் கிடையாது. அதற்கு மட்டும் அவனிடம் பதில் உண்டு. "நாற்பத்தொண்ணை விக்கிற அன்னிக்கு ஷெட்டுல பாதி உனக்கு, ஆர்லிஸ். வாக்கு குடுக்கறேன்."

நாற்பத்தொன்று என்றால் 'கேப்டன் கால்டர்' காமிக்ஸின் நாற்பத்தொன்றாம் இதழ். டெல்மர் சிறுவனாக இருந்தபோது மருந்துக்கடை வாசலில் வாங்கியது. அதில் பதினான்காம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் மழைக்கோட்டு போட்ட ஒருவன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்கிறான். பேசவில்லை, திரும்பவில்லை, பஸ்கூட வரவில்லை. ஆனால் பிற்பாடு அந்த மழைக்கோட்டுக்காரன் பெரிய வில்லனாகித் தனக்கென்று தனிப் பத்திரிகை வைத்துக்கொண்டான். எங்கள் பழைய காமிக்ஸ் வியாபாரத்தில் ஒருவன் முதலில் எந்த இதழில் தலைகாட்டினான் என்பதுதான் விலை. இவன் தலையைக்கூடக் காட்டவில்லை, முதுகைத்தான் காட்டினான். அந்த முதுகுக்கு வருடா வருடம் விலை ஏறியது. ஏறினால் இன்னும் ஏறட்டும் என்பான் டெல்மர். இறங்கினால் இப்போது போய் எவனாவது விற்பானா என்பான். ஆகமொத்தம் நான் ஐஸ் சுரண்டினேன்.

அந்த இதழை நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் எனக்கு அது நாற்பத்தொன்று என்று தெரிந்திருக்காது. டெல்மர் எண்ணைத்தான் பார்ப்பான், நான் படத்தைத்தான் பார்ப்பேன். எங்கள் இல்லறத்தின் கதையே இதுதான்.

போன நவம்பரில் டொலீடோ நகரத்துக் காமிக்ஸ் கண்காட்சிக்கு முப்பது பெட்டிகளோடு போனோம். ஷெட்டின் இடது பக்கம் முழுக்க வாடகை லாரியில் ஏறியது. அந்த முப்பது பெட்டியும் திரும்பி வராவிட்டால் என் கார் உள்ளே நிற்கும் என்று நான் லாரியில் போகும்போதே கணக்குப் போட்டுச் சொன்னேன். டெல்மர் ஓட்டிக்கொண்டே சிரித்தான்.

மண்டபத்தில் வழக்கம்போல எங்களுக்குப் பக்கத்து மேஜை நார்ப். நார்பர்ட் என்பது முழுப்பெயர். கிழவனுக்கு எழுபது தாண்டிவிட்டது. பழைய காமிக்ஸ் விற்றுத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தான், மூன்று பேரும் அவனோடு பேசுவதில்லை. காமிக்ஸைப் பற்றி அவர்களிடம் ஓயாமல் பேசியதுதான் காரணம் என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறான்.

காலையில் கதவு திறந்ததும் காமிக்ஸ் ஆட்களைப் போல வேஷம் போட்டுக்கொண்டு முகமூடிகளும் இறக்கைகளும் அட்டைக் கத்திகளுமாகக் கூட்டம் உள்ளே வந்தது. முதலில் வந்தது காதில் கம்மல் போட்ட ஒரு இளம்பெண். பெட்டியை மேலோட்டமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு கொரில்லா படம் போட்ட இதழை எடுத்தாள்.

"இந்த மாதிரி கொரில்லா போட்டது வேற இருக்குங்களா?"

டெல்மர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். "எந்தத் தலைப்பு, எந்த எண்?"

"எண்ணெல்லாம் தெரியாதுங்க. கொரில்லா இருந்தாப் போதும்."

"எண் இல்லாம எப்படிம்மா தேடறது? அகர வரிசையில இருக்கு. தலைப்பைச் சொல்லு, ஒரு நிமிஷத்துல எடுத்துத் தரேன்."

அவள் கையிலிருந்த கொரில்லாவையும் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"கொரில்லா வேணுமாம்," என்றான் டெல்மர் நார்பிடம். "மிருகக்காட்சி சாலைக்குப் போக வேண்டியதுதானே."

"காலம் கெட்டுப்போச்சு," என்றான் நார்ப்.

நான் மேஜைக்குப் பின்னால் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததை இவர்கள் இருவரும் பார்க்கவில்லை. முன்பெல்லாம் வருகிறவர்கள் மடித்து மடித்துக் கிழிந்த காகிதத்தோடு வருவார்கள். விட்டுப்போன எண்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போவார்கள். டெல்மருக்கு அவர்கள்தான் மனிதர்கள். அவர்களில் பாதிப் பேர் எண்களை முடித்துவிட்டார்கள், மீதிப் பேர் ஆயுளை முடித்துவிட்டார்கள். பிறகு போனைப் பார்த்து வாங்குகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு எந்த வில்லனுக்கு எப்போது சினிமா வருகிறது என்பதுதான் தெரியும், புத்தகத்தைப் பிரிக்கவே மாட்டார்கள். இப்போது மூன்று நான்கு வருடமாக வருகிற கூட்டமே வேறு. பெண்கள் அதிகம். சுவரில் மாட்டுவதற்கு வாங்குகிறார்கள், சிநேகிதிக்குப் பிறந்தநாளுக்கு வாங்குகிறார்கள், சும்மா சிரிப்பு வந்தால் வாங்குகிறார்கள். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் பூனை இருக்கா, இதில் பனி இருக்கா, யாராவது யாரையாவது அறைகிற மாதிரி இருக்கா. எண்ணைக் கேட்டு விரட்டினால் எதிர் மேஜைக்குப் போய்விடுகிறார்கள்.

இதை டெல்மரிடம் சொன்னால், "வரிசையைக் கலைச்சா அது கடையில்ல, குப்பைமேடு," என்பான்.

அன்றைக்குக் காலை பாதியில் மண்டபம் திடீரென்று அமைதியானது. எல்லாத் தலையும் போனைப் பார்த்துக் குனிந்திருந்தது. நார்ப்தான் முதலில் நிமிர்ந்தான்.

"யோவ் டெல்மர். மழைக்கோட்டுக்காரனுக்குப் படம் எடுக்கறாங்களாம்யா."

டெல்மர் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றான். பெரிய நடிகன் அந்த வேஷம் போடறானாம்."

டெல்மருக்கு முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது. நான் பின்னலைக் கீழே வைத்தேன்.

"நாற்பத்தொண்ணு எங்கே இருக்கு?" என்றேன்.

"பத்திரமா இருக்கு. கொண்டுவந்திருக்கேன்."

"எங்கேன்னு கேட்டேன்."

"திருடன் சுவர்ல மாட்டினதைத்தான் பார்ப்பான். ஒருத்தனும் கைவைக்காத இடத்துல வச்சிருக்கேன். உனக்கே தெரியாம இருக்கறதுதான் அதுக்குப் பாதுகாப்பு." அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "மத்தவன் என்ன விலை சொல்றான்னு ஒரு சுத்து பார்த்துட்டு வரேன். நீ எதையும் தொடாதே."

மனிதனுக்கு வாய் சும்மா இருக்காது. தொடாதே என்று சொல்லாமல் போயிருந்தால் நான் பின்னல் போட்டுக்கொண்டே இருந்திருப்பேன்.

அவன் தலை மறைந்ததும் பெட்டிகளைப் பிரிக்கும் அட்டைகளைத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினேன். நாய்கள். கொரில்லாக்கள். அழும் பெண்கள். பனி. கன்னத்தில் அறை வாங்குபவர்கள். கல்யாணத்தை நிறுத்துபவர்கள். மண்டைக்கு வெளியே மூளை தெரிபவர்கள். பிறகு எண்ணைப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து ஒவ்வொரு இதழாக எடுத்துப் போட ஆரம்பித்தேன்.

நார்ப் பார்த்துக்கொண்டே இருந்தான். எழுந்து வந்தான். திரும்பிப் போனான். மறுபடி வந்தான்.

"ஆர்லிஸ், நீ பண்றதை என்னால பார்க்க முடியல."

"பார்க்காதே."

"டிக்‌ஷனரியைக் கிழிச்சுக் காத்துல விடற மாதிரி இருக்கு. அவன் வந்தா விவாகரத்துதான்."

"வாய் பேசாம அந்த ஓரத்துப் பெட்டியைத் தூக்கிக் குடு."

ஓரத்துப் பெட்டி எங்கள் கடையிலேயே உதவாக்கரைப் பெட்டி. விவசாயக் கூட்டுறவுச் சங்கம் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்த டிராக்டர் பாதுகாப்புக் காமிக்ஸ் அதில் இருந்தது. டிராக்டரை எப்படி ஓட்டினால் கை போகும் என்று படம் போட்டுச் சொல்லும். இருபது வருடத்தில் ஒரு ஆள்கூட அந்தப் பெட்டியில் கை வைத்ததில்லை. அந்த டிராக்டர்களுக்கு நடுவில் தடித்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு இதழ் இருந்தது. அட்டையில் கேப்டன் கால்டர் எரிகிற வீட்டுக்குள்ளிருந்து ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறான். பழுப்பு நாய், ஒரு காது மடங்கியது, ரொம்ப அழகு.

இப்போது படிக்கிற உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. டெல்மரிடம் கேப்டன் கால்டர் மட்டும் இரண்டு பெட்டி நிறைய இருக்கிறது. நாய் தப்பித்தவறி டிராக்டருக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கெட்டி உறை மற்றவற்றோடு பெட்டியில் சேரவில்லை. அதைக் கழற்றி, எல்லாவற்றுக்கும் போடுகிற மெல்லிய பையைப் போட்டு, நாய்கள் பெட்டியில் முன்னால் வைத்தேன். உறையை ஏன் வீணாக்க வேண்டும் என்று அதன்மேல் என் உப்பு பிரெட்ஸல் ரொட்டியையும் கடுகுச் சாஸையும் வைத்துச் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் டெல்மர் இன்றைக்கும் நம்புவதில்லை. கம்மல் போட்ட பெண் திரும்பி வந்து ஏழு கொரில்லா வாங்கினாள். போய் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டி வந்தாள். ஒரு தாடிக்காரன் தன் தங்கை கல்யாணத்துக்கென்று கல்யாணத்தை நிறுத்துபவர்களை மொத்தமாக அள்ளினான். மூளை டாக்டர் ஒருத்தி மூளைகளை ஆஸ்பத்திரி வரவேற்பறையில் மாட்டப்போவதாகச் சொன்னாள். நோயாளிகள் பாவம் என்று நினைத்தேன், ஆனால் பையில் போட்டுக் கொடுத்தேன். டிராக்டர் பாதுகாப்பைக்கூட ஒரு பையன் சிரித்துச் சிரித்து வாங்கிக்கொண்டு போனான். எங்கள் மேஜைக்கு முன்னால் வரிசை நின்றது. எங்கள் மேஜைக்கு முன்னால் வரிசை என்பது எனக்கே புது அனுபவம்.

நார்ப் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு கையில் ஒரு கட்டோடு வந்து நின்றான்.

"என்கிட்ட ஒன்பது கொரில்லா இருக்கு, ஆர்லிஸ்."

"அதுக்கு?"

"உன் பெட்டியில கொஞ்சம் இடம் குடேன்."

"காலம் கெட்டுப்போச்சுன்னு சொன்னியே?"

"கெட்டது கெட்டுப்போச்சு, கொரில்லா வித்தாவது பிழைக்கலாம்னுதான்," என்றான்.

அப்போதுதான் அந்தப் பெண்மணி வந்தாள். நாற்பது வயதிருக்கும். மண்டபத்தில் எல்லாரும் வேஷம் போட்டிருக்க அவள் மட்டும் சாதாரணப் பழுப்புக் கோட்டு போட்டிருந்தாள். பிள்ளைகளைக் கூட்டி வந்தவள், அவர்கள் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றாள். நாய்கள் பெட்டியில் முதல் இதழைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பிஸ்கட் மாதிரியே இருக்கு," என்றாள்.

"என்னங்க?"

"எங்க நாய். பேரு பிஸ்கட். ஆகஸ்ட்ல செத்துப்போச்சு. இதே காது, இதே மாதிரி மடங்கியிருக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என்ன விலைங்க?"

நாய் எல்லாம் மூன்று டாலர் என்றேன். அவள் பணத்தைக் கொடுத்துவிட்டு, நான் பையில் போடுவதற்குள் இதழை வெளியே எடுத்து, சுருட்டி, கைப்பைக்குள் செருகினாள்.

நார்ப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "சுருட்டறாங்க, ஆர்லிஸ். அவங்க அதைச் சுருட்டறாங்க."

"படிக்கத்தானே வாங்கினேன்," என்றாள் அவள். என் மனசுக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது.

டெல்மர் திரும்பி வந்தபோது பதினைந்து வயது குறைந்தவனாக இருந்தான். தூரத்திலிருந்தே என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். கிட்ட வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் அப்படிப் பிடித்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை.

"பதினோராயிரம் டாலர், ஆர்லிஸ். என்னது மாதிரி சுத்தமான பிரதிக்குப் பதினோராயிரம் குடுக்க ஒருத்தன் தயாரா நிக்கறான். இதுக்கு மேல ஆசைப்பட்டா நான் மனுஷன் இல்ல. இன்னிக்கே வித்துடறேன். ஷெட்டு உனக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பணத்துக்காக இல்லை. இத்தனை குளிர்காலம் கழித்து அவன் அந்த வார்த்தையைச் சொல்கிறானே என்றுதான்.

"நிஜமாவா?"

"வாக்கு குடுத்திருக்கேன்ல? இரு, எடுத்துட்டு வரேன்." அவன் ஓரத்துப் பெட்டிப் பக்கம் திரும்பினான். அப்போதுதான் அட்டைகளைப் பார்த்தான். 'அழும் பெண்கள்' என்பதை உதடு அசையப் படித்தான். 'மண்டைக்கு வெளியே மூளை தெரிபவர்கள்' என்பதையும் படித்தான். எனக்குத் திட்டு வரும் என்று நான் தயாராக நின்றேன்.

"டிராக்டர் எங்கே?" என்றான்.

"வித்துட்டேன். நம்பவே மாட்டே, ஒரு பையன்..."

"டிராக்டருக்கு நடுவுல கெட்டி உறையில ஒண்ணு இருந்துதே."

நான் வாயைத் திறந்தேன். அவன் கண் மேஜைமேல் போனது. கெட்டி உறை அங்கே இருந்தது. அதன்மேல் பாதிப் பிரெட்ஸலும் மஞ்சள் சாஸும் இருந்தன.

"நாய் போட்டதா?" என்றேன் மெதுவாக.

"நாயா?" என்றான் டெல்மர். "அதுல நாய் இருக்கா?"

நாற்பத்தைந்து வருடம் அந்த இதழைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றியவனுக்கு அட்டையில் நாய் இருப்பது தெரியாது. எனக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"என்ன விலைக்குக் குடுத்தே?"

"நாய் எல்லாம் மூணு டாலர்."

நார்ப் தன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். "அதைச் சுருட்டினாங்கய்யா," என்றான் இழவு வீட்டில் சொல்கிற குரலில்.

கடையை நார்ப் பார்த்துக்கொள்ள, நாங்கள் இருவரும் ஓடினோம். ஓடினோம் என்று சொல்வது மரியாதைக்கு. டெல்மருக்கு முழங்கால் வலி, எனக்கு மூச்சு வாங்கும். "வேஷம் போடாத ஒரு பொம்பளையைப் பார்த்தீங்களா?" என்று எதிரில் வந்த ரோபோவிடமும் வௌவாலிடமும் கேட்டுக்கொண்டே போனோம். ஒரு தேவதை இறக்கையை மடக்கி வழிவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் கை காட்டினாள்.

அவள் ஒரு மூலையில் சில்லி ஹாட்டாக் சாப்பிட்டுக்கொண்டு நாற்பத்தொன்றைப் படித்துக்கொண்டிருந்தாள். இதழ் மேஜைமேல் விரித்துக் கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு பக்கத்தில் கெச்சப் பாட்டிலை வைத்திருந்தாள். டெல்மர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பஸ்ஸில் பிரேக் தேய்ந்தால் அப்படித்தான் கத்தும்.

"வாங்க," என்றாள் அவள் என்னைப் பார்த்து. "கதை நல்லாத்தான் இருக்கு. நாய் பிழைச்சுக்குது. அது தெரிஞ்சதும் நிம்மதியாச்சு."

என் பேர் ஆர்லிஸ், இது என் கணவர் என்றேன். அவள் தன் பெயர் கொலீன் என்றாள். டெல்மர் கெச்சப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்ததால் நானே சொன்னேன். "ஒரு தப்பு நடந்துபோச்சு, கொலீன். நான் உங்களுக்குக் குடுத்திருக்கக் கூடாத இதழைக் குடுத்துட்டேன். இதுக்கு நிறைய விலை. பதினாலாம் பக்கத்துல ஒரு ஆள் நிக்கறான். அவனுக்காக."

"பதினாலாம் பக்கமா?" அவள் விரலை நக்கிக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். டெல்மர் கண்ணை மூடிக்கொண்டான். "அந்தப் பக்கத்துல ஆள் யாரும் இல்லீங்களே. ஓட்டைதான் இருக்கு."

"என்ன இருக்கு?"

"ஓட்டை. யாரோ வெட்டி எடுத்திருக்காங்க. மூணு டாலருக்கு வேற என்ன எதிர்பார்க்கறதுன்னு விட்டுட்டேன்."

டெல்மர் கண்ணைத் திறந்தான். சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுத்தான். அடுத்தவனிடம் புத்தகம் வாங்கும்போது அவன் பக்கம் பக்கமாக டார்ச் அடித்துப் பார்ப்பான். கூப்பன் வெட்டியிருக்கா, பக்கம் போயிருக்கா என்று பார்க்காமல் வாங்கவே கூடாது என்று பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பான். தன்னுடையதை மட்டும் அவன் உறையிலிருந்து எடுத்ததே இல்லை. எடுத்தால் விலை குறையுமே.

அவன் அந்தப் பக்கத்தை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தான். பதினான்காம் பக்கத்தின் கடைசிக் கட்டம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக அவனுடைய ஒரு கண் என்னைப் பார்த்தது.

பக்கத்தைத் திருப்பினான். பின்பக்கம் முழுக்க விளம்பரம். 'இருட்டில் ஒளிரும் மர்ம மோதிரம்! உன் பெயரையும் முகவரியையும் கீழே எழுதி, வெட்டி, ஒன்றேகால் டாலரோடு அனுப்பு' என்று இருந்தது. கீழே எழுத வேண்டிய இடத்தில்தான் ஓட்டை. ஓரம் பல் பல்லாக வெட்டியிருந்தது.

டெல்மர் அந்தப் பல்லை விரலால் தடவினான். "எங்கம்மா கத்தரிக்கோல்," என்றான். "துணி ஓரத்தை இப்படி வெட்டறது. தொட்டா அடிப்பாங்க."

"யார் தொட்டது?" என்றேன்.

கொலீன் ஹாட்டாக்கைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நாந்தான்," என்றான். "மறந்தே போச்சு. வாங்கின அன்னிக்கே வெட்டினேன். வீடு வீடாப் பத்திரிகை போட்டுச் சேர்த்த காசு. ஆறு வாரம் ஆகும்னு போட்டிருந்தான், பிப்ரவரி பதினாலுக்குள்ள வந்துடணும்னு தினமும் தபால்காரர் பின்னாடியே நடந்தேன்." என்னைப் பார்த்தான். அறுபதை நெருங்குகிற ஆளின் முகம் ஏழாம் வகுப்பில் பார்த்த மாதிரி இருந்தது. "அது தானிய டப்பாவுல வந்ததில்ல, ஆர்லிஸ்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"உங்க அக்கா எல்லார் முன்னாடியும் சிரிச்சா. காசு குடுத்து வாங்கினதுன்னு சொன்னா இன்னும் சிரிப்பாளோன்னு பயம்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அதே மூச்சில் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வருடம் பனியில் நின்று நான் சுரண்டியது ஒரு ஓட்டைக்காக. ஓட்டைக்கு ஈரம் பட்டுவிடக் கூடாது என்று மெஷின் வைத்துக் காவல் காத்திருக்கிறோம். எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் கொலீனின் தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டேன்.

கொலீன் நல்ல மனசுக்காரி. கெச்சப் பாட்டிலை எடுத்துவிட்டு இதழை மூடி டெல்மர் பக்கம் தள்ளினாள். "உங்களுக்கு இது முக்கியம்னு தெரியுது. மூணு டாலரைக் குடுத்துட்டு எடுத்துக்கோங்க. நான் அட்டையை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்."

டெல்மர் இதழைக் கையில் எடுத்தான். நான் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். திருப்பி வாங்கிவிட்டால் நாற்பத்தொன்று விற்கவில்லை என்று ஆகிவிடும். ஓட்டை நாற்பத்தொன்றை இனி உலகத்தில் ஒருவனும் வாங்கப்போவதில்லை. அவன் செத்த பிறகும் அது ஷெட்டில் இருக்கும், நான் வெளியே சுரண்டிக்கொண்டிருப்பேன். இது அவனுக்கும் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் அந்த அட்டையைப் பார்த்தான். எண்ணை இல்லை, நாயைப் பார்த்தான்.

"காது நல்லா வரைஞ்சிருக்கான்," என்றான். பிறகு அதை அவளிடமே கொடுத்தான். "வேண்டாம்மா. வித்தது வித்ததுதான்." இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பினான், பழக்கம் விடவில்லை. "சுருட்டாம எடுத்துட்டுப் போங்க."

மேஜைக்குத் திரும்பியபோது நார்ப் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய ஒன்பது கொரில்லாவும் போயிருந்தன.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது, குடுத்துட்டோம்," என்றேன். "நார்ப், ஒஹையோவிலேயே விலை கூடின மோதிரம் யார்கிட்ட இருக்கு தெரியுமா? என்கிட்ட. பதினோராயிரம் டாலர்."

"எங்கே, காட்டு."

"வீட்டுல. சமையல் ரூம் டிராயர்ல, செத்த பேட்டரியோட இருக்கு."

நார்புக்கு ஒன்றும் புரியவில்லை. டெல்மர் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி நடித்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மறுநாள் ஞாயிறு. நான் காப்பி வாங்கிக்கொண்டு வருவதற்குள் டெல்மர் எனக்கு முன்னால் மேஜையில் இருந்தான். பெட்டிகளைப் பழையபடி மாற்றிவிட்டான் என்றுதான் நினைத்தேன். இல்லை. நாய்கள் நாய்களாகவே இருந்தன. ஆனால் நாய்களுக்குள் அகர வரிசை, அதற்குள் எண் வரிசை. கடைசிப் பெட்டியில் அவனுடைய குட்டி எழுத்தில் புது அட்டை ஒன்று இருந்தது: 'முதுகு காட்டி நிற்பவர்கள்.'

"இதெல்லாம் யார் வாங்குவா?" என்றேன்.

"நீதான் சொன்னியே, இப்ப எவன் எதை வாங்குவான்னு சொல்ல முடியாதுன்னு," என்றான். மத்தியானத்துக்குள் அதுவும் காலி.

முப்பது பெட்டியில் நான்குதான் திரும்பி வந்தன. அவற்றைப் படுக்கையறையில் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நானும் மனுஷிதானே.

நன்றி நவிலும் நாளுக்கு முந்தின வாரம் முதல் பனி கொட்டியது. விடியுமுன் எழுந்து சமையல் ரூம் கதவு வழியாகவே ஷெட்டுக்குள் இறங்கினேன். என் கார் காய்ந்துபோய்ப் பளபளவென்று நின்றது. இருட்டில் சாவியைக் கையில் எடுத்தேன். மோதிரம் என் சுண்டு விரலில்கூட இறங்கவில்லை, அதனால் சாவி வளையத்தில் கோர்த்திருந்தேன். உள்ளங்கையால் மூடி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தேன். ஒளிரவில்லை. நாற்பத்தைந்து வருடம் கழித்து ஒளிராதுதான்.

பெரிய கதவை ஏற்றினேன். வெளியே டெல்மர் தன் வண்டியின் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிக்கொண்டிருந்தான். ஷெட்டில் மறுபாதி இன்னும் அவன் பெட்டிகளுக்குத்தான். அவன் கையில் இருந்தது அந்தக் கெட்டி பிளாஸ்டிக் உறை, ஓரத்தில் கடுகுச் சாஸின் மஞ்சள் போகவே இல்லை. சுரண்டுவதற்கு அது மாதிரி வராது என்று அவனே ஒத்துக்கொண்டிருக்கிறான்.

அவன் பக்கத்தில் போய் நிறுத்தி, வேண்டுமென்றே ஒரு ஹாரன் அடித்தேன். மூக்கு நுனி சிவக்கக் குனிந்து என் ஜன்னல் வழியாகச் சாவியைப் பார்த்தான்.

"ஒளிருதா?" என்றான்.

"கண்ணு கூசுது," என்றேன். "தள்ளி நில்லு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."